பதினான்காம் வளைவு

காலை ஏழே காலுக்கு
சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பும் பேருந்தில்
ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை, சன்னல் பக்கம்.
பதினோரு வருடமாக அங்கேதான்
சிறுகதை படிக்கிறேன்.

தலை சுற்றாதா என்பார் நடத்துனர் இருசப்பன்.
சுற்றும்.
சுற்றாத கதைகள் மேல்தான் எனக்குப் புகார்.

அடிவாரச் சோதனைச் சாவடியில் முதல் பத்தி.
இருபதில் ஒன்று என்று வளைவுப் பலகை வரும்போது
கதைக்குள் யாராவது ஒருவருக்கு
ஏதாவது ஒன்று வேண்டியிருக்க வேண்டும்.
ஏழாவது வளைவு வரைக்கும்
வானத்தையே வர்ணித்துக்கொண்டிருந்தால்
மூடி வைத்துவிட்டு
நிஜ வானத்தைப் பார்த்துக்கொள்வேன்.
அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட்.

பன்னிரண்டு கதைத் தொகுப்பில்
மூன்று தேறினால் நல்ல விளைச்சல்.
நான்கு தேறினால்
அந்த ஆளின் அடுத்த புத்தகத்தை நினைத்துப் பயப்படுவேன்.
தலைப்புக் கதை பெரும்பாலும் தேறாது.
முன்னுரையைக் கடைசியில் படிப்பேன்,
மண்டபத்தில் மொய் நோட்டை எட்டிப் பார்ப்பதுபோல,
யார் யாருக்கு எவ்வளவு என்று.

மழையில் முடியும் கதைகள் ஆகாது எனக்கு.
நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில்
மே மாதத்திலும் மழை.
அதற்காக எதுவும் முடிந்துவிடுவதில்லை.
காப்பித்தூள் பார்சல்கள் நனைகின்றன,
அவ்வளவுதான்.

கதாநாயகி காலில் கொலுசு சிணுங்குவது
இதுவரை நாற்பத்தோரு கதைகளில்.
எண்ணியிருக்கிறேன்.
என் வீட்டுக்காரர் பள்ளப்பட்டியில்
கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கிறவர்.
எழுதுகிறவர்களும் பொடி வைக்கிறார்கள்,
நெருப்பைக் காட்டத்தான் மறந்துபோகிறார்கள்.
அவர் விரல்களில் ரேகை இல்லை.
ரேஷன் கடை எந்திரம்
அப்படி ஒரு ஆளே கிடையாது என்கிறது.
இதை ஒருவரும் எழுதவில்லை.
எழுதினால் கடைசி வரியில் அவரைக் கொன்றுவிடுவார்களோ என்று
நானும் யாரிடமும் சொன்னதில்லை.

நாவல் வேறு.
அது பையோடு வந்து இறங்கும் சொந்தக்காரர்.
எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்க முடியாது.
போனபிறகும் கொஞ்ச நாள்
அந்த அறை அவருடையதாகவே இருக்கும்.
சிறுகதை தட்டுவடை செட்.
சட்னி இறங்கி நமத்துப்போவதற்குள்
கடை வாசலில் நின்றபடி
ஒரே வாயில்.
பொட்டலம் கட்டி எடுத்துப்போகிற பொருளில்லை.

இதைச் சொன்னதற்கு
பக்கத்து மேசை இருதயமேரி சிரித்தாள்.
அவள் தொடர்கதைக் கட்சி.
அடுத்த வாரம் என்று ஒன்று இருந்தால்தானே
இந்த வாரத்தை ஓட்டமுடியும் என்றாள்.
இன்னும் பதில் அகப்படவில்லை எனக்கு.

ஏற்காட்டு நூலகத்தில்
எனக்கு முன்பே எல்லாவற்றையும் படித்துவிடுகிற
ஒரு பென்சில் இருக்கிறது.
ஓரத்தில் ‘பொய்’ என்று எழுதும்.
‘இழுவை’ என்று எழுதும்.
ஒருமுறை, ‘இந்த மாதத்தில் மிளகு பறிக்கமாட்டார்கள்.’
அது சரிதான்.
மற்றதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதமில்லை.
அழிரப்பரோடு பஸ் ஏறிய நாட்கள் உண்டு.

போன வாரம் அட்டை பிய்ந்த ஒரு தொகுப்பு.
எழுதியவர் பெயரும் அட்டையோடு போயிருந்தது.
எட்டாவது கதை:
ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தி
பிளாஸ்க் மூடியைத் தேடுகிறாள்.
பெஞ்சுக்கு அடியில், பைக்குள்,
தூங்குகிறவரின் போர்வை மடிப்பில்.
கிடைத்துவிடுகிறது.
உள்ளே படுத்திருப்பது யார் என்று கடைசிவரை சொல்லவில்லை.
பதினான்காம் வளைவில் முடிந்துவிட்டது.

மீதி ஆறு வளைவுக்கும் நான் எதையும் படிக்கவில்லை.
குரங்கு ஒன்று கைப்பிடிச் சுவரில்
எதையோ உரித்துக்கொண்டிருந்தது.
சில்வர் ஓக் மரங்கள் பாதி உயரத்துக்குமேல்
பனிக்குள் போயிருந்தன.
சாப்பாட்டுக் கூடையின் மூடியை
இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு ஓரத்தில் பென்சிலைத் தேடினேன்.
‘பொய்’ இல்லை.
‘இழுவை’ இல்லை.
கடைசி வரிக்குக் கீழே ஒரு தேதி.
அதன் பக்கத்தில் நேரம்:
அதிகாலை மூன்று பத்து.

அழிரப்பர் இப்போது
முத்திரை மைப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

ஆனாலும் ஒன்பதாவது கதை இழுவைதான்.
அதில்
பென்சிலும் நானும் ஒரே கட்சி.